மூலக்குளத்துலேந்து மீனம்பாக்கம்: மாப்ளைக்கு பேட்ச் மாத்தப் போன கதை

வாங்க, எப்பிடி இருக்கீங்க? போன வாட்டி நா பேசிப் போட்டதுக்குக் கீழ முட்டி வலின்னு எழுதியிருந்தாரே ஒருத்தரு, இப்ப தேவலையா? வெந்நி ஒத்தடம் குடுங்க, வுடாம குடுங்க.

புதுச்சேரிலேந்து மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு பஸ்ஸுல எப்பிடிப் போறதுன்னு நெறைய பேரு கேக்குறீங்க. நேத்து வியாழக்கெழம நானே போயிட்டு வந்தேன். பிளேனு ஏற இல்ல. எம் மாப்ள பிரகாஷ் பிளேனு ஓட்டுறவரு, அவரு விசயமா.

எம்பொண்ணு கௌரிக்கு தலைப்பிரசவம், எங்க வூட்டுலதான் இருக்கா. இன்னும் பத்து பன்னெண்டு நாளுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. பிரஷரு வேற ஏறி ஏறி எறங்குது. மாப்ள மெட்ராஸ்லேந்து றெக்கையில காத்தாடி சுத்துற சின்ன பிளேனு ஓட்டுறாரு, கேப்டனுக்குப் பக்கத்துல ரெண்டாவது சீட்டு. கம்பெனி அந்தச் சின்ன பிளேனையெல்லாம் கொறைக்குதாம். ஓட்டுறவங்கள பேட்ச் பேட்சா பெரிய பிளேனுக்கு மாத்துறாங்க. மாத்துனா மொதல்லேந்து படிக்கணும், ரெண்டு மாசம், டெல்லியில, நடுவுல லீவு கெடையாது. படிச்சு முடிச்சா பேஸும் டெல்லிதான். பேஸுன்னா, எந்த ஊர்லேந்து டூட்டிக்குக் கெளம்புறாங்களோ அந்த ஊரு. இவருக்குத் திங்கக்கெழம கிளாஸு. "ஆர்டரு வந்துருச்சு, ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு கௌரிகிட்ட சொல்லிட்டாரு. அவ மூணு நாளாத் தூங்கல. செவுத்தப் பாத்தே படுத்திருக்கா.

நா மில்லுல தறி ஓட்டுனவன். வூட்டுல ஒரு அவசரம்னா பக்கத்துத் தறிக்காரன் வூட்டுக்கே போயி, "நீ என் ஷிப்ட்டப் பாரு, நா ஒன் ஷிப்ட்டப் பாக்குறேன்"னு கேப்போம். அப்பிடித்தான் சேகர்னு ஒருத்தன் என் ஷிப்ட்டுக்கு வந்து நின்னுக்கிட்டே தூங்கிட்டான், அது தனிக் கதை. மாப்ளகூட வேல பாக்குற நவீன் தம்பி வளைகாப்புக்கு வந்தப்ப நம்பரு குடுத்திருந்தாரு. அவருக்கு அடுத்த பேட்ச், ரெண்டு மாசம் கழிச்சு. கேட்டா என்ன கொறஞ்சா போயிடுவோம்னு, நேர்ல பேசணும்னு அவருக்கு மட்டும் போன் பண்ணிட்டு, வூட்டுல யாருகிட்டயும் சொல்லாம கெளம்பிட்டேன்.

காலைல அஞ்சே முக்காலுக்கு எங்க மூலக்குளத்துல ஷேர் ஆட்டோ, பஸ் ஸ்டாண்டுக்கு இருவது ரூவா. அங்க ஈசிஆர் பஸ்ஸுல ஏறிடாதீங்க. அது கடலோரமாவே போயிடும், ஏர்போர்ட்டு பக்கம் போவாது. திண்டிவனம் வழியாப் போறதப் புடிங்க. நூத்தி முப்பது ரூவா, கெளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு போவ மூணு மணி நேரம். டிக்கெட்டு குடுக்குறப்ப கண்டக்டரு, "இன்னா பெருசு, ஏர்போர்ட்டா? துபாயா, சிங்கப்பூரா?"ன்னாரு. "பையே இல்லாமயா?"ன்னேன். அவரு சிரிச்சாரு. கெளாம்பாக்கத்துல கக்கூஸு இருக்கு, போயிட்டே டவுன் பஸ்ஸு ஏறுங்க, இன்னும் முக்கா மணி நேரம் ஆவும்.

டிக்கெட்டு இல்லாம ஏர்போர்ட்டுக்குள்ள வுட மாட்டாங்க. ரோட்டுக்கு எதுர்ப்பக்கம், திரிசூலம் ஸ்டேஷன்கிட்ட டீக்கடையில நின்னேன். பத்தரைக்கு நவீன் தம்பி யூனிபாரத்தோட பொட்டிய உருட்டிக்கிட்டு வந்தாரு.

"அங்கிள், கௌரிக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல தம்பி. மாப்ள பேட்ச்ல நீங்க போயி, ஒங்க பேட்ச்ல அவரு போவ முடியாதா?"

டீ கிளாஸக் கீழ வச்சிட்டாரு. "முடியுமே. ஒரே பிளேனு, ஒரே சீட்டு, மாத்திக்க வுடுவாங்க. நானே போன வாரம் கேட்டேன், எனக்கு சீக்கிரம் போனா நல்லதுதான். பிரகாஷ்தான் வேணாம்னுட்டான். வூட்டுல சொல்லலியா?"

"இப்பவும் மாத்தலாமா தம்பி?"ன்னேன்.

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரெண்டு பேரும் மெயில் போட்டாப் போதும் அங்கிள். அதுக்கப்புறம் லிஸ்ட்ட மூடிடுவாங்க."

அங்கேந்தே மாப்ளைக்குப் போன் போட்டேன். "நவீன் தம்பிகூட நிக்கிறேன்"னேன்.

"சொல்லிட்டானா மாமா?"

"சொன்னாரு."

"அடுத்த பேட்ச் நடக்கும்னு உறுதி இல்ல மாமா. நடந்தாலும் எனக்கப்புறம் சேந்தவன்லாம் எனக்கு முன்னாடி கேப்டன் ஆயிடுவான். ஒரு நேரத்துல ஒரு மாதிரி பிளேனுதான் ஓட்ட வுடுவாங்க. சின்னதும் போயி, பெருசும் கெடைக்கலன்னா நா எத ஓட்டுறது? கௌரிகிட்ட சொல்லிடாதீங்க. நானே சொல்றேன்."

"எப்ப?"

"டெல்லி போயிட்டு."

திட்டணும்போலதான் இருந்துச்சு. ஆனா கௌரி வயித்துல இருந்தப்ப என்னயும் வேற ஊரு மில்லுக்கு, நூல் நூக்குற பக்கம் போவச் சொன்னாங்க. புள்ளத்தாச்சிய வுட்டுட்டுப் போவ மாட்டேன்னு நின்னுட்டேன். அடுத்த வருசம் தறிப் பக்கத்த இழுத்து மூடுனாங்க. அப்பறம் பதினெட்டு வருசம் வாட்ச்மேன் வேலை. அந்த மனுசன் பயப்படுறது பொய்யின்னு நா எப்பிடிச் சொல்றது?

வந்த வழியேதான் திரும்புனேன், போவ வர முன்னூத்தம்பது ரூவாக்குள்ள முடிஞ்சிரும். வூட்டுக்கு வந்தா கௌரி அதே செவுத்தப் பாத்துப் படுத்திருக்கா. "எங்கப்பா போன?"ன்னா. "இந்தா, பக்கத்துல முதலியார்பேட்டை வரைக்கும்"னு சொல்லிட்டேன்.

இன்னிக்கு வெள்ளிக்கெழம. மணி நாலு இருவது. நா போனப் புடிச்சிக்கிட்டு வாசல்ல ஒக்காந்து ஒங்ககிட்ட பஸ்ஸு கதை பேசிக்கிட்டிருக்கேன். சொன்னா அவ புடிச்ச புடியில மாத்த வச்சிடுவா, நாளைக்கு அவரு வேலைக்கு ஒண்ணுன்னா அதுக்கு நாந்தான் காரணம். சொல்லலன்னா, வலியில அவ புருசனத் தேடுறப்ப தெரிஞ்சும் தெரியாத மாதிரி நா எதுர்ல நிக்கணும்.

போறவங்க மொத பஸ்ஸுலயே போயிடுங்க. எடது பக்கம் சன்னலோரமா ஒக்காருங்க, காலை வெயிலு வலது பக்கந்தான் அடிக்கும். தண்ணி பாட்டிலு மறக்காதீங்க. அப்பறம் திண்டிவனத்துல பஸ்ஸு நிக்கும், அங்க எறங்குனீங்கன்னா

"அப்பா, யாருகிட்டப்பா அப்பலேந்து பேசிட்டிருக்க? உள்ள வாயேன்."

வரேம்மா. கொஞ்சம் எழுந்து ஒக்காரு. ஒம் புருசனுக்குப் போனப் போடு, இப்பவே போடு, அஞ்சு மணிக்குள்ள அவரு