புன்னைப்புலத்து உபதலைவர்

என் கணவர் இரவிச்சந்திரன், மொன்றியல் புன்னைப்புலம் மக்கள் ஒன்றியத்தின் உபதலைவர். கோடைகால ஒன்றுகூடலுக்குப் பூங்கா பிடிப்பது, ஊர்க் கோயில் தேர்த் திருவிழாவுக்கு வீடு வீடாக ஏறி இறங்கி நன்கொடை சேர்ப்பது, யாராவது மோசம் போனால் செத்தவீட்டுக்கு மண்டபம் பேசுவது எல்லாம் அவர்தான். இதில் ஒரேயொரு குறை, அவர் புன்னைப்புலத்தவர் இல்லை.

அவருடைய ஊர் ஈச்சங்கலட்டி. புன்னைப்புலத்திலிருந்து ஒரு குளம் தள்ளி இருக்கிறது. அந்தக் குளத்தைக் கடப்பதைவிடக் கனடாவுக்கு வருவது சுலபம். இவருடைய தகப்பன் செல்லையா புன்னைப்புலத்தாரின் பனைகளில் ஏறிக் கள் சீவியவர். அவர்களுடைய கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. தேர் வரும்போது ஒழுங்கை முனையில் நின்று கும்பிடுவாராம். அந்தத் தேருக்குத்தான் மகன் இங்கே பனியில் வழுக்கி விழுந்தெழும்பி நன்கொடை சேர்த்தார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

பொய் தொடங்கியது அவர் வந்த முதல் குளிர்காலத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாலைந்து பேரோடு ஒரு வீட்டில் இருந்தபோது. எங்கள் ஆட்கள் சாதியை நேரே கேட்க மாட்டார்கள், அது மரியாதையில்லை என்று அவர்களுக்குத் தெரியும். எந்த ஊர் என்பார்கள். பிறகு ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, யாருடைய மகன். அதற்குள் ஆளை அளந்து முடித்துவிடுவார்கள். முதல் கேள்விக்கு இவர் வாயில் வந்தது, தான் படித்த பள்ளிக்கூடம் இருந்த புன்னைப்புலத்தின் பெயர். கேட்ட மனிதர் ‘எங்கடை பொடியன்’ என்று தோளில் தட்டி, அந்தக் கிழமையே ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை எடுத்துக் கொடுத்தார். இன்றும் அங்கேதான் தக்காளி அடுக்குகிறார். சோறு போட்ட பொய்யை யார் விடுவார்கள்?

அவரைக் கட்டிய பாவத்துக்கு நானும் படிக்க வேண்டியதாயிற்று. தபாற்கந்தோர் ஒழுங்கை எங்கே திரும்பும், கோயில் கிணறு எந்தப் பக்கம், கணக்கு வாத்தியாரின் பட்டப்பெயர் என்ன என்று, பார்த்தேயிராத ஓர் ஊரை மனப்பாடம் செய்தேன். ஒவ்வொரு கலியாண வீட்டுக்கும் பரீட்சைக்குப் போவதுபோலத்தான் போனேன். தெரிந்தால் அடிக்க மாட்டார்கள், வேலையும் போகாது. அழைப்புகள் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் இந்த நகரத்தில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் எங்களுக்கு வேறு மனிதர் இல்லை.

இதற்கு விலை கொடுத்தவள் அவருடைய தங்கை கௌரி. டொரொண்டோவில் இருக்கிறாள். எங்கள் மகள் சிவாஜினி பெரியபிள்ளையானபோது, சாமத்திய வீட்டுக்கு மாமியென்று முன்னால் நிற்க வேண்டியவள் அவள்தான். அவள் வெள்ளை மனசோடு யாரிடமாவது ஊரைச் சொல்லிவிடுவாள் என்று பயந்து இவர் கூப்பிடவில்லை. அவள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஒன்றியத்துச் செயலாளரின் மனைவி பிரஷாந்தினி நின்றாள். கௌரி தபாலில் ஒரு சோடி சிமிக்கி அனுப்பிவைத்தாள்.

போன வசந்தத்தில் இடி விழுந்தது. புன்னைப்புலம் கோயில் தர்மகர்த்தா பேரின்பநாதன் கனடா வருகிறார், ஒன்றியம் அவருக்கு விருந்து வைக்கிறது, வரவேற்பது உபதலைவர். ஊரில் ஒரு குடும்பம் விடாமல் தெரிந்த மனிதர் அவர். என் கணவர் நித்திரையை விட்டார். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தோம்.

அந்த நேரம் பார்த்துச் சிவாஜினி சாப்பாட்டு மேசையில் பாடம் எடுக்கத் தொடங்கினாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கொலேஜ் படிக்கிறாள். அமெரிக்கக் கறுப்பு மக்களின் எழுத்தும் வரலாறும் அவளுக்கு ஒரு பாடம். வகுப்பில் பேசுவதற்காக எங்களிடம் ஒத்திகை பார்த்தாள். ஒரு துளி கறுப்பு இரத்தம் இருந்தாலும் கறுப்பர் என்று அங்கே சில மாநிலங்களில் சட்டமே இருந்ததாம். தோல் வெளுப்பாக இருந்த சிலர் வேறு நகரத்துக்குப் போய் வெள்ளையராக வாழ்ந்தார்களாம். நல்ல வேலை கிடைத்தது, நல்ல தெருவில் வீடு கிடைத்தது. ஊரிலிருந்து யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயமும் கூடவே இருந்தது. தெருவில் தாயைக் கண்டால் மகன் தெரியாதவன்போலப் போனான். தாயும் அப்படியே போனாள்.

“கடந்து போன ஆக்களை விட, காட்டிக் குடுக்காமல் இருந்த ஆக்களைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு அப்பா,” என்றாள். “தங்கடை பிள்ளை நல்லா இருக்கட்டும் எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கினம். அவையைப் பற்றி ஒருத்தரும் பெரிசா எழுதேல்லை.”

அங்கே இரத்தத்தில் ஒரு துளியைத் தேடினார்கள், எங்களிடம் ஊரில் ஓர் ஒழுங்கையைத் தேடுகிறார்கள் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. மகளுக்கு எதுவும் தெரியாது, சொல்லவில்லை. இவர் பாதிச் சோற்றோடு எழுந்துபோய்க் கை கழுவினார். பிறகு கௌரிக்குத் தொலைபேசி அடித்து, விருந்துக்கு வரச் சொன்னார். இந்த விருந்துக்கா, உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டேன். வேறு எந்த நாளிலும் துணிவு வராது என்றார். ஒரு மூலை மேசையில் அவளை இருத்திச் சாப்பிடவைத்து அனுப்புவதுதான் அவருடைய திட்டம்.

அப்படி நடக்குமா? தர்மகர்த்தா சாப்பிட்டு முடித்து மேசை மேசையாக வந்தார். என் கணவர் கையால் பரிமாறிய பாயாசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்திருந்தார். எங்கள் மூலை மேசையில் நின்று, உபதலைவரின் தங்கை என்று செயலாளர் சொன்னதும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு கௌரியிடம் கேட்டார்.

“புன்னைப்புலத்திலை எந்தப் பக்கம் பிள்ளை?”

“கோயிலுக்கு வடக்காலை ஐயா. தபாற்கந்தோர் ஒழுங்கை,” என்றாள் கௌரி.

கண் இமைக்கவில்லை. நான் திகைத்துப் போனேன். அவளுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. என் கணவர் அகப்பையோடு அவளையே பார்த்தார். முகம் கோணியது. நாங்கள் தப்பியிருந்தோம்; வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும்.

“இல்லை ஐயா,” என்றார். “அவள் எனக்காகப் பொய் சொல்லுறாள். நாங்கள் ஈச்சங்கலட்டி. உங்கடை வளவுப் பனையளிலை சீவின செல்லையாவின்ரை பிள்ளையள்.”

பக்கத்து மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. “அதுதானே பாத்தன்,” என்றார் தர்மகர்த்தா. கௌரி அவசரமாக ஒரு தேநீரை எடுத்து நீட்டினாள். தனக்குச் சீனி வருத்தம், வேண்டாம் என்று கையை எடுத்துக்கொண்டார். இரண்டு கிண்ணம் பாயாசத்துக்கு வராத சீனி வருத்தம்.

என் கணவர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. அவமானத்தில் அழவேண்டிய இடத்தில் வயிறு நோகச் சிரித்தேன். நெஞ்சிலிருந்த பாறாங்கல் யாரோ தூக்கியதுபோல இறங்கியிருந்தது. ஒன்றும் விளங்காமல் நின்ற சிவாஜினிக்கு மெல்ல விளங்கியது. வேண்டாமென்ற தேநீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். அவள் தேநீர் குடிக்கிற பிள்ளையே இல்லை.

கௌரி எங்களோடு ஒரு கிழமை நின்றாள். தொலைபேசி ஓய்ந்துபோயிற்று. பிரஷாந்தினி மட்டும் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து, இருந்து, எங்கள் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டுப் போனாள். அன்று வேலை எடுத்துக் கொடுத்த மனிதர் சந்தைக்கு வந்தாராம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றாராம். சொல்லியிருந்தால் வேலை எடுத்துத் தந்திருப்பீர்களா என்று இவர் கேட்க, மனிதர் நீண்ட நேரம் தக்காளியைப் பொறுக்கிவிட்டுப் போய்விட்டாராம். அதைச் சொன்னபோதும் இவர் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். குறட்டைக்கும் குறைவில்லை.

கௌரி புறப்படும் காலையில்தான் அந்த ஒழுங்கையின் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன்.

“டொரொண்டோவிலை நான் எல்லாருக்கும் புன்னைப்புலம் எண்டுதான் சொல்லுறனான்,” என்றாள். “என்ரை வாயாலை அண்ணைக்கு ஒண்டும் வந்திடக்கூடாது, என்ன.”

இவர் அவளுடைய பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். இழுக்கிற சில்லு வைத்த பெட்டி அது.

பேருந்து நிலையத்தில் வரிசையில் நின்ற ஒரு தமிழர் திரும்பி இவரைப் பார்த்தார். வழக்கமான கேள்வி, அண்ணை எந்த ஊர்? இவர் தொடங்கினார். ஈச்சங்கலட்டி, குளத்துக்கு இந்தப் பக்கம், தகப்பன் பெயர் செல்லையா, சீவல் தொழில், தாய்வழி இன்னார் என்று நிறுத்தாமல் சொன்னார். கேட்டவர் ஓம் ஓம் என்றபடி பேருந்துப் பக்கம் பின்வாங்கினார். இவர் விடாமல் குளத்தில் மீன் பிடித்த கதைக்குப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

பேருந்து நகரும்போது பார்த்தேன். அந்த மனிதருக்குக் கிடைத்திருந்தது கௌரியின் பக்கத்து இருக்கை. அவள் கையை விரித்து மீனின் அளவைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டு போனாள்.