எண்ணெய் படாத கரட்

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே அடுத்த காம்பராவில் இருந்தவள் சண்முகவடிவு. கொழுந்து பறிப்பதில் கெட்டி, வாயிலும் கெட்டி. கங்காணியே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார். பெற்ற பிள்ளைகளை வரிசையாக மண்ணுக்குக் கொடுத்தவளுக்கு மிஞ்சியது மருதாயி ஒருத்திதான்.

ஐம்பத்தெட்டாம் வருசத்தில் மருதாயிக்கு அம்மை வார்த்தது. அம்மை இருக்கிற வீட்டில் தாளிதம் கூடாது, எண்ணெய்ச் சட்டியே அடுப்பேறக் கூடாது. அது எல்லாரும் செய்வதுதான். இவள் ஒரு படி மேலே போய், "புள்ள பொழச்சா தேர்த் திருவிழா வரைக்கும் எங்க வீட்டுல எண்ணெ வாசமே வராது, தாயே!" என்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் இவள் நேர்த்தியை விடவில்லை. தேருக்கு இன்னும் மாதக்கணக்கில் நாள் கிடந்தது.

கொஞ்ச நாளில், பொழுது சாய்ந்தால் மருதாயி வாசற்படி தெரியாமல் இடறத் தொடங்கினாள். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா, "கரட் குடு, கண்ணு தெளியும்" என்றார். அதோடு சரி, மனுசன் வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவளும் தினம் கரட்டை அவித்து மசித்து ஊட்டினாள்.

கடைக்கார நஸார் நானா, "கரட் மட்டும் போதுமா? எங்கட கடை எண்ணெ என்ன கசக்குதா?" என்று கேலி செய்தார்.

"சாமி காரியத்துல வெளையாடாதீங்க நானா" என்று எரிந்து விழுந்தாள். அடடா, என்ன வைராக்கியம் என்று லயமே மெச்சியது.

பிள்ளையின் கண்ணோ வறண்டுகொண்டே போனது. அழுதால்கூட நீர் வரவில்லை. கருவிழி வெளுத்த பிறகுதான், நானும் கூடப் போக, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"கரட் எப்படிக் குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எண்ணெ படாம, சுத்தமா அவிச்சுத்தாங்க."

டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். கரட்டின் மஞ்சள் சத்து தண்ணீரில் கரையாதாம். எண்ணெயோடு சேர்ந்தால்தான் குடல் அதைப் பிடித்துக்கொள்ளுமாம். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி மெல்லிய கொழுப்புத் தோல் இருக்கிறதாம்; அந்தச் சத்து குடியிருந்து காவல் காப்பது அங்கேதானாம். கண்ணுக்கு வேண்டியதும் அதிலிருந்துதான் உண்டாகிறதாம். இவள் ஊட்டியதெல்லாம் உடம்பில் ஒட்டாமல் அப்படியே வெளியே போயிருக்கிறது. "ஒரு கரண்டி தேங்காயெண்ணெ போதுமேம்மா..." என்றவர், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார்.

யாரைத் திட்டுவது? டிஸ்பென்சரி ஐயாவையா, பெத்த ஆத்தாளையா?

சண்முகவடிவு டாக்டரிடம், "இப்ப எண்ணெ ஊத்திக் குடுத்தா கண்ணு வருங்களா, சாமி?" என்று கேட்டாள்.

"ஊத்தும்மா, ஒடம்புக்கு நல்லது" என்றார் டாக்டர். கண்ணைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.