அப்பாவுக்குப் போட்ட கோட்

போன வருடம் பெப்ரவரியில், பதுளை டவுனில் நடந்தது இது. அப்பா இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் லயத்து வீடு, தொழிலாளர் வரிசைவீடுகளில் ஒன்று, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கிறது. நான் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். கருமாதி முடிந்த பிறகும் அம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் படையலுக்கு மாலை போட அப்பாவின் படம் வேண்டும். ஒழுங்கான படம் என்று இருந்தது, அடையாள அட்டைக்காக எடுத்தது மட்டும்தான். அதைப் பதுளையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனிலேயே அனுப்பினேன். ஸ்டூடியோக்காரர், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், "கோட், டை போடவா மகன்?" என்று கேட்டார். போடுங்க நானா, நல்லா எடுப்பா இருக்கணும் என்றேன்.

என் மனதில் ஒரு பழைய கோபம் இருந்தது. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை செய்தவர். தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் சத்தம் கேட்டால் போதும், ரோட்டோரம் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். ஸ்கூல் விட்டு வரும் நான், கூட்டாளிகள் பார்த்துவிடுவார்களோ என்று கூசிப்போவேன். படத்திலாவது என் அப்பா பெரிய மனிதராக இருக்கட்டும் என்று நினைத்தேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. பார்த்ததும் பூரித்துப்போவார் என்று எனக்குள் ஒரே பெருமை.

படம் வாங்க வரும்படி கெஞ்சிக் கூத்தாடித்தான் அம்மாவைக் கிளப்பினேன். பஸ் ஏறியதும் அம்மா ஜன்னல் சீட்டைக் காலியாக விட்டு அதற்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்தார். வளைவுகளில் அப்பாவுக்குத் தலை சுற்றும் என்பதால், ஜன்னல் எப்போதும் அவருக்குத்தான். வழியில் பசறை வந்தபோதுதான் அம்மாவின் கையைப் பார்த்தேன். அப்பா மோந்து பார்ப்பதற்கென்று எப்போதும் கொண்டுபோகும் எலுமிச்சம்பழத்தை அன்றும் எடுத்து வந்திருந்தார்.

ஸ்டூடியோவில் நானா பெரிய பிரேமைத் திருப்பிக் காட்டினார். கறுப்புக் கோட், சிவப்பு டை, நன்றாக வெளுத்த முகம். அம்மா கிட்டே போய்ப் பார்த்தார்.

"யாருடா இந்தத் தொர?"

எனக்கு முகம் தொங்கிவிட்டது. அப்பாதாம்மா, நல்லாப் பாருங்க என்றேன். அம்மா இன்னொரு தடவை பார்த்தார். உதடு துடித்தது. சட்டென்று சிரித்துவிட்டார்.

"உங்கப்பா மட்டும் இதப் பாத்திருந்தாருன்னா, தலத்துண்ட எடுத்துட்டு ஓரமா ஒதுங்கி நின்னிருப்பாருடா!"

சிரித்தார், சிரித்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாக வராத அழுகை. நானா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, பக்கத்துக் கடையிலிருந்து பிளேன்டீ வாங்கி வந்து கொடுத்தார். நானும் அழுதேன். எந்தத் துரை முன்னால் அப்பா ஒதுங்கி நின்றது எனக்கு அவமானமாக இருந்ததோ, அந்தத் துரையாகவே அவரை மாற்றிவைத்திருந்தேன்.

டீயைக் குடித்து முடித்த அம்மா, "தீவாளிக்கு ஒன்னு எடுத்தியே, அது இருக்கா?" என்று என் போனைக் கேட்டார். இருந்தது. லயத்து வாசலில், முழங்கை நைந்த மெரூன் ஸ்வெட்டரும் தலைத்துண்டுமாக, "எடுக்காதடா" என்று கையை ஆட்டியபடி அப்பா சிரிக்கிற படம். மாட்டுவதற்குத் தகுதியில்லாதது என்று நான் ஒதுக்கியது அதைத்தான்.

நானா பார்த்துவிட்டு, கையை மறைத்துவிடலாம், தலைத்துண்டையும் எடுத்துவிட்டு முடியைச் சரியாக்கலாம் என்றார். எடுத்துடுங்க என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டார்.

"துண்டு இருக்கட்டுங்க. அது இல்லாட்டி அவருக்குக் காது குளிரும்."

நானா தலையாட்டிவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கோட் போட்ட படத்தை அம்மா அங்கே விட்டுவரவில்லை. நான் ஆசைப்பட்டுச் செய்ததாம். இப்போதும் டிரங்குப்பெட்டியில் இருக்கிறது. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்கள் வந்தால் எடுத்துக் காட்டிச் சிரிப்பார்.

திரும்பும்போது அம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். புதுப் படத்தை மடியில் வைத்தபடி, பசறை தாண்டும் முன்பே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். இப்போதும் லீவுக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சுவர்ப் படத்தில் அந்தத் துண்டைத்தான் முதலில் பார்க்கிறேன். நான் வெட்கப்பட்ட துண்டு அது, இனி எந்த ஜீப் வந்தாலும் என் அப்பா அதைத் தலையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.