நான் விற்றுவிட்டேன், அவரைப் பொறுக்கச் சொன்னேன்

பிலோமினா அக்கா தன் தாயை உயிரோடு கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போனது என்னால்தான். நான் சொன்ன ஒரு பொய்யால். அவருக்கு இது தெரியாது. என் மனைவிக்குத் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஏதோ கொலை செய்தவன் போலப் பேசுகிறானே என்று நினைப்பீர்கள்... இல்லை. நான் யாரையும் தொடவில்லை. அமெரிக்காவின் பெரிய வங்கிகளின் பங்குகளைப் பற்றி ஒரு பெண்ணிடம் இரண்டு வாக்கியம் சொன்னேன். அவ்வளவுதான்.

நாங்கள் குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரத்தின் புறநகரான புவாண்ட்-கிளேரில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்தப் பெட்டி எந்த லொறியில் ஏற வேண்டும் என்று கணினியில் பதிவது என் வேலை. பங்குச் சந்தைக்கும் எனக்கும் தொழில்முறையில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, ஆலய மண்டபத்தில் கோப்பி குடிக்கும் நேரத்தில் நாலைந்து பேர் என்னைச் சுற்றி நிற்பார்கள்.

“சேவியர் அண்ணை, இப்ப எதை வாங்கலாம்?”

அந்த ‘அண்ணை’க்காகவே வாரம் முழுவதும் பங்குச் சந்தைக் காணொளிகள் பார்த்தேன். என்னைவிட வயதில் மூத்தவர்கள்கூட அந்த மண்டபத்தில் என்னை அப்படி அழைத்தார்கள்! வேலையிடத்தில் என் பெயரைச் சரியாக உச்சரிப்பவர்கள்கூட இல்லை.

அந்த நாட்களில் என் வாயில் கிடந்தது அமெரிக்கப் பெரிய வங்கிகள்தான். “வட்டி ஏறுது. வட்டி ஏறினால் வங்கிக்குத்தான் வருமானம். பங்கு மலிவாக் கிடக்கு. தவறாமல் பங்கிலாபமும் தருவாங்கள். பெரிய வங்கியள அமெரிக்கா விழ விடாது.” யாரோ ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொன்னேன். ஒரு வங்கியின் ஆண்டறிக்கையையாவது திறந்து பார்த்தேனா? ஒருநாளும் இல்லை.

பிலோமினா அக்கா கேட்டுக்கொண்டு நின்றவர்களில் ஒருவர். மன்னார்க்காரர். செயின்ட்-மிஷேலில் இரண்டறை வீடொன்றில் தனியே இருக்கிறார். குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் வேலை. பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்தபோது வந்த காப்புறுதிப் பணம் சும்மா கிடக்கிறது என்றார். மன்னாரில் அவருடைய தாயும், தாயின் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்காவுக்கு உலகத்தில் இருந்த சொந்தம் அவ்வளவுதான்.

அவருடைய சமையலறை மேசையடியில் இருந்து நான்தான் அவருக்குப் பங்கு வாங்கும் கணக்குத் திறந்துகொடுத்தேன். மூன்று வங்கிகள். பொத்தானை அழுத்துவதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார்.

“தம்பி, நீங்களும் இதைத்தான் வைச்சிருக்கிறியளோ?”

“ஓம் அக்கா. அதே மூண்டுந்தான்.”

அன்றைக்கு அது உண்மை. அந்த ஒரு நாளுக்காக யாராவது எனக்குப் புள்ளி போடட்டும்.

சில மாதங்கள் போயின. பனி கரையத் தொடங்கிய காலத்தில் அமெரிக்காவில் சில சிறிய வங்கிகள் கவிழ்ந்தன. மக்கள் கைப்பேசியிலேயே வைப்புப் பணத்தை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பெரிய வங்கிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை; ஆனாலும் அவற்றின் விலையும் சரிந்தது. திங்கட்கிழமை காலை சந்தை திறந்தபோது என் திரையில் எல்லாமே சிவப்பு.

அலுவலகக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு மூன்றையும் விற்றேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. ‘பெரிய வங்கியை விழ விடமாட்டார்கள்’ என்று மண்டபத்தில் முழங்கியவன் எங்கே போனான்? தெரியவில்லை... கையைக் கழுவிக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன். பயமாகக்கூட இருக்கவில்லை. உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போயிருந்தது.

அக்காவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவரே எடுத்தார்.

“தம்பி, அம்மாவுக்குப் பாரிசவாதம். கட்டிலோட கிடக்கிறாவாம். கதை பேச்சொண்டுமில்லை. என்ர பேரைச் சொன்னால் மட்டும் கண்ணைத் திறக்கிறாவாம் எண்டு சின்னம்மா சொல்லுறா.”

“ஐயோ அக்கா...”

“போகவேணும் தம்பி. போனால் ரெண்டு மூண்டு மாதம் சம்பளமில்லாமல் நிக்கவேணும், அங்க ஆஸ்பத்திரிச் செலவும் கிடக்கு. அந்தப் பங்கை வித்துப்போட்டுப் போகட்டோ?”

இங்கேதான்... இந்த இடத்தில்தான். உங்களிடம் நான் ஒளிக்கப் போவதில்லை. ‘வித்துப்போட்டுப் போங்கோ அக்கா’ என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். என் கணக்கில், நான் விற்ற காசு அப்படியே கிடந்தது; டிக்கெட்டை நானே எடுத்துக்கொடுத்திருக்கவும் முடியும். இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

“இப்ப வித்தால் நட்டம் நிச்சயம் அக்கா. ஒரு மாதம் பொறுங்கோ, ஏறும்” என்றேன்.

“நீங்கள் விக்கேல்லையோ?”

“இல்லை அக்கா. நானும் வைச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.”

“அப்ப சரி. நீங்களும் வைச்சிருக்கிறியளெண்டால் எனக்குப் பயமில்லை” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனை முறை இதைக் கேட்டிருப்பேன்! அவருடைய பணத்தைக் காப்பாற்ற என்று நம்பப் பார்த்தேன். பொய். அவர் நட்டத்தில் விற்றால் அந்தக் கதை அடுத்த ஞாயிறு மண்டபத்துக்கு வரும். விற்காமல் இருக்கும்வரை நான் தோற்கவில்லை. என் பெயர் கெடாமல் இருக்க வேண்டும். அதற்காக ஒரு கிழவி மன்னாரில் கண்ணைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தார்.

பத்தொன்பதாம் நாள் அவர் இறந்தார்.

அடக்கத்தைக் கைப்பேசியில் காட்டினார்கள். நானும் மனைவியும் காலையிலேயே அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தோம். மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியைச் சுற்றி மூன்று பேரும் இருந்தோம். படம் அடிக்கடி நின்றது. பெட்டியை மூடும் நேரத்தில் முழுவதுமாக உறைந்தது; மறுபடி அசைந்தபோது பெட்டி மூடியிருந்தது.

அக்கா அழவில்லை. என் மனைவிதான் அழுதாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அக்கா என் பக்கம் திரும்பினார்.

“இண்டைக்கு விலை என்ன தம்பி?”

பார்த்துச் சொன்னேன். சொன்னேனே! என் கைப்பேசியை எடுத்து, மூன்று வங்கிகளின் விலையையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் தலையை ஆட்டினார். இன்னும் ஏறவில்லை.

பிறகு ஏறியது.

நீங்கள் வேறு முடிவை எதிர்பார்த்திருப்பீர்கள். பணம் போயிருந்தால் இந்தக் கதைக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். போகவில்லை. சிறிய வங்கிகளைவிட்டு ஓடியவர்களில் பலர் பெரிய வங்கிகளிடமே வந்தார்கள். விலை மெல்ல மெல்ல ஏறி, அக்கா வாங்கிய இடத்தையும் தாண்டிப் போனது. நான் திரும்ப வாங்கவே இல்லை. எந்த முகத்தோடு வாங்குவது? தினமும் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

“சேவியர் தம்பி சொன்னால் சொன்னதுதான்” என்று அக்கா மண்டபத்தில் எல்லோரிடமும் சொன்னார். வசதியானவர்கள் இருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து காரில் வரும் ஒரு டாக்டர்கூட என்னிடம் ஆலோசனை கேட்டார்!

ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எங்கள் ஆலயத்துக்கு அல்ல, என்னை யாருக்கும் தெரியாத ஒரு பிரெஞ்சு ஆலயத்துக்கு. என் பிரெஞ்சு, வேலையிடத்துப் பிரெஞ்சு. ‘பொய் சொன்னேன்’ என்பதற்கு மட்டும் அது போதும். எத்தனை முறை என்று பாதிரியார் கேட்டார். ஒருமுறை என்றேன். ஏதோ செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் சொல்லி, முழுவதையும் சொல்லாமல் விட்டு வந்தவனுக்கு என்ன மன்னிப்பு?

சரி, அந்தப் பங்குகள் வாங்கத் தகுந்தவையா என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் கடைசியில் அதைத்தான் கேட்கிறார்கள். பொறுத்திருக்க முடிந்தவனுக்குத் தகுந்தவையாக இருந்தன என்று சொல்லலாம். ஆனால் யார் எதற்காகப் பொறுத்தார்கள், அந்த நேரத்தில் அவர்கள் வேறெங்கே இருந்திருக்க வேண்டும்... அது எந்த விலை வரைபடத்திலும் வராது. நான் காணொளியில் பார்க்கவும் இல்லை.

போன மாதம் பிலோமினா அக்கா பங்குகளை விற்றார். நல்ல லாபம். கடைசியில் மன்னாருக்குப் போனார்.

ஒருநாள் காலை, கிடங்கின் வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தும்போது அழைத்தார். அங்கே பின்னேரம். காற்று இரைந்தது.

“தம்பி, அம்மாவுக்குக் கல்லறை கட்டியாச்சு. கறுப்புக் கல்லு, நல்ல வடிவா இருக்கு. அண்டைக்கு நீங்கள் சொல்லாட்டி இதுக்கு எங்கால காசு? உங்கட பேரைச் சொல்லியும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினனான்.”

“நல்லது அக்கா.”

“படம் அனுப்புறன், பாருங்கோ. அதுசரி, உங்கட பங்கை எப்ப விக்கப் போறியள்?”

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன்...

“இப்போதைக்கு இல்லை அக்கா” என்றேன்.

“ஓமோம். உங்களுக்குத் தெரியாததோ?”

படம் வந்தது. கல்லில் தாயின் பெயரும் அவர் இறந்த நாளும் இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தேன். எட்டு மணிக்கு வேலை தொடங்கியது.