பலா ஊஞ்சல்

எனக்கு எழுதத் தெரியாது. பத்தாவது வரைதான் படித்தேன். கட்டுரை எழுதச் சொன்னால் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதுவேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கும் பழக்கமும் கிடையாது. எங்கள் பட்டறையைப் பற்றி இணையத்தில் போட நாலு வரி வேண்டும் என்று மகள் கேட்டாள். "பழைய மரத்தில் ஆர்டருக்குச் சாமான் செய்து தருகிறோம்" என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. மறுபடி உட்கார்ந்தபோது இதுதான் வந்தது. எழுதத் தெரிந்தவர்கள் யாராவது படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செவிலிமேட்டில் இருக்கிறது எங்கள் பட்டறை. இடித்த வீடுகளின் உத்தரம், தூண், கதவு என்று வாங்கிவந்து அறுத்து, கேட்கிறவர்கள் கேட்கிறபடி செய்து கொடுக்கிறோம். இப்போது சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆணித் துளை தெரியும்படியே மேசை வேண்டும் என்கிறார்கள். அழகாக இருக்கட்டும் என்று துளையை அடைத்துவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது நிலைமை வேறு. அப்பா முதலில் வீடு இடிக்கும் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். இடித்த வீட்டுத் தேக்கும் பலாவும் விறகுக்கடைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அம்மா சொல்வாள். அதுதான் தொடக்கம். முசரவாக்கத்தில் இருந்த நிலத்தைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு, சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து கொட்டகை போட்டார்.

பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. வரும்போதெல்லாம் அடுக்கி வைத்த மரங்களைக் கைத்தடியால் தட்டிப் பார்ப்பார். ஒரே கேள்விதான் கேட்பார்.

"ஏம்பா, கெட்ட வீட்டு மரம், செத்த வீட்டு மரம், எல்லாத்தையும் வாங்கி அடுக்கிக்கினு கீற. இதுல எவன்பா உக்காருவான்?"

அப்பா தலை நிமிராமல் இழைத்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்தக் கேள்வி எங்கள் கொட்டகையில் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஏனென்றால் அதுவரை யாரும் உட்காரவில்லை. மாட்டுக் கொட்டகைக்குக் கதவு கேட்டார்கள், கோழிக்கூண்டு கேட்டார்கள், தறிக்குழியை மூடப் பலகை கேட்டார்கள். நல்ல வீட்டுக்கென்று கட்டிலோ நாற்காலியோ ஒருவரும் கேட்கவில்லை. பழைய மரத்தோடு பழைய வீட்டின் கஷ்டமும் சேர்ந்து வரும் என்று ஊரில் ஒரு பேச்சு.

வேலை மூன்று பேருக்கும் பிரிந்திருந்தது. அறுப்பதும் இழைப்பதும் அப்பா. அறுப்பு மில்லுக்குப் போகும் முன் மரத்துக்குள் ஆணி இருக்கிறதா என்று பார்ப்பது அம்மா. உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றை மரத்தின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போவாள். எங்கே கை இழுபடுகிறதோ அங்கே ஆணி. பேசுவது சித்தப்பா. அவரிடம் ஒரு வித்தை இருந்தது. யாராவது வந்தால், அழுக்கேறிக் கிடக்கும் பலகை ஒன்றை இழுத்துப் போட்டு ஈரத்துணியால் ஒரு துடை துடைப்பார். அதுவரை சாம்பல் நிறத்தில் கிடந்த பலகையில் வரிவரியாக அலை எழும்பும். "பாருங்க" என்பார். பார்த்து முடிப்பதற்குள் அடுத்ததைத் துடைப்பார். காய்ந்தால் அலை மறைந்துவிடும் அல்லவா.

அந்த வித்தையில்தான் ஒரு பட்டு முதலாளி விழுந்தார்.

திருமுக்கூடல் பக்கம் ஒரு பழைய செக்குக் கொட்டகையைப் பிரித்தார்கள். அதன் நடுத் தூண் முழுப் பலாமரம். நான் கட்டிப் பிடித்தால் கை எட்டாது. உச்சியில் மரம் இரண்டாகப் பிரிகிற கவட்டையை வெட்டாமல் அப்படியே விட்டு, அதன்மேல் உத்தரத்தைத் தாங்க வைத்திருந்தார்கள். அப்பா அதை வாங்கி வந்து, கவட்டையின் இரண்டு கிளையும் ஒரே பலகையில் வரும்படி மில்லில் கூடவே நின்று அறுத்து வாங்கினார். உள்ளே மரம் மஞ்சள் அரைத்த மாதிரி இருந்தது. நடுவில் கிளை பிரிகிற இடத்தில், காற்றில் சாய்ந்த தீபம்போல ஒரு வரி ஓடியது. அப்படி இரண்டு பலகைகள் கிடைத்தன. புத்தகத்தை விரித்தால் வலது பக்கமும் இடது பக்கமும்போல ஒன்றுக்கொன்று ஜோடி.

முதலாளி வந்தது மகள் கல்யாணத்துக்கு ஊஞ்சல் தேடி. பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சலில் வைத்து ஆட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். சித்தப்பா அந்த இரண்டு பலகைகளில் ஒன்றை ஈரத்துணியால் துடைத்தார்.

"மொதலாளி, இன்னா தெரியுது சொல்லுங்க."

முதலாளி குனிந்து பார்த்தார். "தாழம்பூ ரேக்குபா!" என்றார்.

பட்டுச் சேலைக் கரையில் தாழை மடல்போல அடுக்கடுக்காக ஏறும் வரிசைக்கு அப்படிப் பெயர். சேலைக்காரர் கண்ணுக்கு மரத்திலும் சேலைதான் தெரிந்தது. கூட வந்த அவர் மகள் தூசியைக்கூடத் தட்டாமல், பலகை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிப் பார்த்தாள். "இதேதான்பா எனக்கு" என்றாள். முதலாளியின் மனைவி மட்டும் எந்த வீட்டு மரம், யார் வீட்டு மரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். செக்குக்காரர் குடும்பம் நல்ல நிலையில் வெளியூர் போய்விட்டதாகச் சித்தப்பா சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

அப்பா அந்தப் பலகையை இழைத்ததுபோல வேறு எதையும் இழைத்து நான் பார்த்ததில்லை. ஓரத்தைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். அரக்குப் பாலிஷ் ஏற ஏற, துடைக்காமலே அலை நின்றுவிட்டது. பெரியப்பாவுக்கும் சொல்லி அனுப்பினார். "பெரிய வீட்டுப் பொண்ணு உக்காரப் போவுது, வந்து பாக்கச் சொல்லு" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே எங்களுக்கு அதிசயம்.

கொண்டுபோய் மாட்டும் நாளில் என்னையும் கூட்டிப்போனார்கள். முதலாளி வீட்டுக் கூடத்தில் பித்தளைச் சங்கிலிகள் ஏற்கெனவே தொங்கின. ஊஞ்சல் ஏறியதும் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்து சூழ்ந்தார்கள். முதலாளி மனைவி ஒரு தட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு, "அழகாத்தான் கீது" என்றார், விருப்பமில்லாமல். முதலாளியின் தகப்பனார் முதலில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்ய வேண்டும் என்று அவரை அழைத்து வந்தார்கள். குளித்துவிட்டு நெற்றி நிறைய நாமத்தோடு வந்தார்.

ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னை ஊஞ்சலின் ஒரு முனையில் நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் அதை முன்னாலிருந்து, குறுக்குவாட்டில் பார்த்தார்கள். நான் ஒருத்திதான் நீளவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவரைப் பார்த்தேன். பலகையைப் பார்த்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசாத நான் அன்று சத்தமாகப் பேசினேன்.

"அப்பா, இதுல நாமம் போட்டுக்கீது."

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"யாருக்குமா நாமம் போட்டுக்கீது?"

சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "கொழந்த, சும்மா ஒளறுது மொதலாளி."

"கொழந்த எங்கியாவது ஒளறுமா?" என்றார் முதலாளி மனைவி. தட்டைக் கீழே வைத்துவிட்டார். "வீட்ல பேசிக்கினத கேட்டுக்கினு வந்து சொல்லுது. நான் அப்பவே சொன்னேன், இந்த மரம் வாணாம்னு. கேட்டீங்களா?"

முதலாளி குனிந்து பலகையின் அடிப்பக்கத்தைத் தடவ ஆரம்பித்தார். உளுத்த இடத்தை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. "எங்கபா அடச்சி வெச்சிக்கீறீங்க? நீயே சொல்லிடு" என்றார் அப்பாவிடம். அப்பா சங்கிலியைப் பிடித்தபடி நின்றார். கல்யாணப் பெண் மட்டும், "நல்லாத்தானே கீது" என்று மெல்லச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நான் சொன்னதில் என்ன தப்பு என்று விளங்கவில்லை. பெரியவரின் நெற்றியை நோக்கிக் கையை நீட்டினேன்.

"தாத்தா போட்டுக்கினு கீறாரே, அதுதான். இங்க வந்து பாருங்க."

பெரியவர் மெதுவாக நடந்து என் பக்கம் வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் நின்ற இடத்தில் நின்று பலகையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் வெளுத்து மேலேறும் கிளை வரிகள், நடுவில் சிவந்து நிமிர்ந்த தீபம். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு நிமிடத்தில் எல்லாம் மாறிவிட்டது. ஆளுக்கு ஆள் முனைக்கு வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பெருமாள் தேடிக்கினு வந்துக்கீறாரு, நான் இன்னாவெல்லாம் பேசிட்டேன்" என்று முதலாளி மனைவி அழுதார். என்னைக் கட்டிக்கொண்டு நெட்டி முறித்தார். சூடம் தேடினார்கள். சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள்.

அப்பா அப்போதுதான் வாய் திறந்தார்.

"ஐயா, அது கவட்டைங்க. மரம் ரெண்டா பிரியிற எடம். எந்த மரத்துல அறுத்தாலும் கவட்டையில அப்டித்தான் வரும்."

"எந்த மரத்துலயும் வருவார்பா அவரு" என்றார் பெரியவர்.

"உக்காரத்தான் செஞ்சதுங்க."

"அபசாரம்பா. இதும்மேல எவன் உக்காருவான்?"

அப்பாவும் சித்தப்பாவும் பலகையைத் தூக்கிப்போய்ப் பூஜை அறைச் சுவரில் செங்குத்தாக நிறுத்தினார்கள். மாலை போட்டார்கள். "அப்ப நான் எதுல உக்கார்றது?" என்று கல்யாணப் பெண் கேட்டாள். எதிர்வீட்டு ஊஞ்சலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் அம்மா சொன்னார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தாம்பூலத்தில் வேட்டி வைத்துக் கொடுத்தார்கள். எனக்குப் பட்டுப் பாவாடை கிடைத்தது.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. தெருவில் பாதிப்பேர் கொட்டகை வாசலில் நின்றார்கள். இடித்த வீட்டு மரம் என்று எங்கள் பக்கமே வராதவர்கள், அந்தத் தூணின் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு அம்மாள் மரத்தூளை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். சித்தப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த ஜோடிப் பலகையை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் காட்டினார். நீளவாட்டில் நிற்கச் சொன்னார். நானும் புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, எங்கே நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் இடம் காட்டினேன். எங்கள் மரம் சாமியாகிவிட்டது. அதைவிடப் பெரிய ஜெயம் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

அப்பா சாப்பிடவில்லை. அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். கூட்டம் கலைந்ததும் எழுந்து வந்து, ஜோடிப் பலகையைக் கீழே படுக்க வைத்து, நாமத்தின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டார்.

"அண்ணா, இன்னா பண்ற?" என்று சித்தப்பா ஓடிவந்தார். "இதுக்கு இப்ப ஊரே வரிசைல நிக்கும். விட்டுடுண்ணா."

"நகரு."

"உனுக்கு இன்னாதான் வேணும்? மரத்த ஒதுக்கனவங்கோ எல்லாம் இன்னிக்கு வந்து கும்புடறாங்கோ. அதுக்குத்தானே இவ்ளோ நாளு?"

அப்பா ரம்பத்தை எடுத்தார். அம்மா சித்தப்பாவைப் பார்த்து, பேசாதே என்பதுபோலத் தலையசைத்தாள். அவளுக்கு ஏதோ தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு நாள் எதிர்பார்த்த நல்ல பேர் வாசல்வரை வந்து நிற்கும்போது, ஒரு மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நல்ல பலகையை ஏன் துண்டு போடுகிறார் என்று, ரம்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சள் மரத்தூளைக் கையில் அள்ளியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டுகளில் நாமம் இல்லை. வெறும் அலைதான் இருந்தது. அப்பா அவற்றின் முனைகளைத் தேய்த்து, அடியில் கட்டை வைத்து, சாப்பிட உட்காரும் மணைகளாக அடித்தார்.

மறுநாள் பெரியப்பா முசரவாக்கத்திலிருந்து வேர்க்கடலை எடுத்துக்கொண்டு வந்தார். முதலாளி வீட்டுக்குப் போய் ஊஞ்சலைக் கும்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அம்மா இலை போட்டாள். அப்பா ஒரு புது மணையைக் கொண்டுவந்து போட்டார். பெரியப்பா அதில் உட்கார்ந்து சாப்பிட்டார். ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.