மலைக்கு இந்தப் பக்கம் பொழுது

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கே பொழுது போய்விடும். திருவண்ணாமலையில் மலைக்குக் கிழக்கே, தேரடிக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. தெருவெல்லாம் வெளிச்சமாக இருக்கும். சூரியனை மட்டும் மலை மறைத்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு அது வெயில் தாழ்ந்த நேரம், அவ்வளவுதான். என் ஆயாவுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

ஆயா, அம்மாவைப் பெற்றவள். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. டவுனில் இருந்த எங்கள் ஜனங்கள் வெளிச்சம் இருக்கிறவரை சாப்பிட்டுக்கொள்வார்கள். ஆயா அதற்கு ஒப்பமாட்டாள். சூரியன் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் அவளுக்கு அது அஸ்தமனம்தான்.

"பஞ்சாங்கத்துல ஆறு மணிக்கு மேலதான் அஸ்தமனம்னு போட்டிருக்குதுங்க அத்தே" என்று அப்பா ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "பஞ்சாங்கம் எழுதினவரு மலைக்கு இந்தப் பக்கமா குடியிருந்தாருங்க மாப்பிள்ளை?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆயா வந்தது என்னவோ பத்து நாளைக்கென்றுதான். அப்பாவின் அம்மா, எங்கள் பாட்டி, ஒரு காலையில் கிணற்றடியில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிக்கொண்டது. அம்மா டீச்சர், பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் பிடித்து வர இருட்டிவிடும். "மாத்திரை டாக்டரு குடுப்பாரு. பொரட்டிப் போட ஒரு ஆளு வேணுமில்ல?" என்று சொல்லிக்கொண்டு, ஒரு துணி மூட்டையோடும் தண்ணீர் வடிகட்டுகிற வெள்ளைத் துணியோடும் ஆயா வந்து இறங்கினாள். நாலு வருஷம் இருந்தாள்.

இந்தப் பாட்டிதான் அம்மாவின் கல்யாணப் பந்தியில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "மோரைக் கெட்டியா ஊத்தக்கூட வக்கில்லாத எடத்துல பொண்ணு எடுத்துட்டோம்" என்றவள். யாராவது அதை ஞாபகப்படுத்தினால் ஆயா சிரிப்பாள். "அந்த வாய்க்குத்தான் இப்ப ஊட்டிக்கினு இருக்கேன். கெட்டி மோரு வேணான்னுது. தண்ணி மோருதான் கேக்குது."

படுக்கைப்புண் வராமல் பாட்டியைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, துணி மாற்றி அலசுவது, காலுக்கு எண்ணெய் நீவுவது என்று பகல் முழுக்க அவளுக்கு வேலை இருந்தது. நாலு மணிக்குப் பாட்டி கண் விழிப்பாள். கோதுமைக் கஞ்சி ஒரு கரண்டி வாயில் போனால், அது தொண்டையில் இறங்கும்வரை காத்திருந்து அடுத்த கரண்டி. கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம் ஆகும். அதற்கப்புறம்தான் ஆயா குளித்து, பஞ்ச மந்திரம் சொல்லித் தட்டின் முன் உட்காருவாள். பாதி நாள் அதற்குள் மலை முந்திக்கொள்ளும். அப்படியானால் மறுநாள் காலை வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

"முன்னாடியே சாப்பிட்டுடேன் ஆயா."

"படுத்திருக்கிற ஜீவன் பசியா கெடக்கச்சே நான் தின்னா செரிக்குமாடி? நோயாளிக்குப் பத்தியம், பாத்துக்கிறவளுக்குப் பட்டினி."

இப்படிச் சொல்லிச் சொல்லியே அவள் ரவிக்கையை இரண்டு தரம் உள்பக்கம் பிடித்துத் தைத்துக்கொண்டாள். பாட்டியைப் பார்த்துக்கொள்ள வந்தவள் பாட்டிக்கு முன்னால் போய்விடுவாளோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

மொட்டை மாடிக்கு ஓடி, பொழுது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. எனக்குப் பத்து வயது இருக்கும். அன்றைக்கு நான் ஏறியபோது மலையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளிம்பு மட்டும்தான் மிச்சம். கீழே ஆயா ஈரத் தலையோடு காத்திருந்தாள்.

"இருக்குதாடி?"

"இருக்குது ஆயா. நல்லா இருக்குது."

ஆயா சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டு போனாள். அப்போது எதிர்ச் சுவரைப் பார்த்துவிட்டாள். அதில் வெயில் இல்லை. உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினாள்.

"பொழுது பொய் சொல்லாது. அதுக்குப் பதிலா நீ எதுக்குடி சொல்ற?"

அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். "நேத்தும் நீ தின்னல! முந்தாநேத்தும் தின்னல! செத்துப் போயிடுவ!" என்று கத்தி அழுதேன். உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. தன் கிண்ணம் காலியானதும் ஆயாவும் சாப்பிடுகிறாள் என்றுதான் பாட்டி அதுவரை நினைத்திருந்தாள்.

மறுநாள் ஆயா கரண்டியை நீட்டினாள். பாட்டி வாயைத் திறக்கவில்லை. தானாக மூடாத அந்தக் கோணல் வாயை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சம்பந்தியம்மா, உப்பு ஜாஸ்தியா?"

இல்லை என்று தலை ஆடியது.

"கம்மியா?"

அதுவும் இல்லை. கையை எடுத்து ஆயாவைக் காட்டினாள். "நீ."

"நான் அப்புறமா குளிச்சிட்டு…"

"நீ." பாட்டியிடம் மிச்சம் இருந்ததே நாலைந்து சொற்கள்தான். அதில் ஒன்றை இரண்டு முறை செலவழித்துவிட்டாள்.

ஆயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாருடி, படுத்துக்கினும் மாமியா அதிகாரம் கொறையல இந்தம்மாவுக்கு." கைகால் கழுவி வந்து, "குளிக்காம மந்திரம் சொன்னா தோஷம் இல்லையே, சம்பந்தியம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று பாட்டி வேகமாகத் தலையை ஆட்டினாள். ஆயா கண்ணை மூடி முணுமுணுத்தாள். நான் இன்னொரு கிண்ணத்தில் சோறும் இன்னொரு கரண்டியும் கொண்டு வந்தேன்.

அங்கே ஒரு கரண்டி, இங்கே ஒரு கரண்டி. பாட்டி விழுங்குகிற நேரத்தில் ஆயா மெல்லுவாள். ஆயுசில் கரண்டியால் சாப்பிட்டறியாதவள், "சோறு உள்ள போச்சான்னே தெரியல, கை நம்ப மாட்டேங்குது" என்றாள். பாட்டியின் கோணல் வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. அதுதான் அவள் சிரிப்பு. சுவரில் வெயில் இருக்கும்போதே இரண்டு கிண்ணமும் காலி. மறுநாளிலிருந்து ஆயா கஞ்சி வைக்கும் முன்பே குளித்துவிட்டு வந்தாள்.

இப்போது நான் இருக்கிற வீட்டைச் சுற்றி மலை இல்லை. ஐந்து மணி ஆனால் இன்றும் எதிர்ச் சுவரைப் பார்க்கிறேன். கேட்க ஆயா இல்லை. இருக்குது என்று சொல்ல மட்டும் நான் இருக்கிறேன்.

அந்த நாலு வருஷம் முடிந்து, பாட்டி இறந்துபோன பிறகு ஆயா தன் ஊருக்குத் திரும்பினாள். லீவுக்கு நான் போனேன். அங்கே மேற்கே வெறும் கடலைக்கொல்லைதான். மலை எட்டத்தில் விரல் அளவுக்கு நீலமாகத் தெரியும். பொழுது அவசரப்படாமல் இறங்கும். ஆயா தட்டை வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள். கை தட்டில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த வாய். மறுபடி நின்றது.

"ஏன் ஆயா நிறுத்தி நிறுத்தித் தின்ற?"

"அவங்க முழுங்கணும் இல்லடி" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "பொழுது இருக்குதாடி?" என்று கேட்டாள்.

"இருக்குது ஆயா. நல்லா இருக்குது."

அன்றைக்கு நிஜமாகவே இருந்தது.