நாலேகால் மணிக் கதை

1. முதல் நாள்

திருகோணமலைத் துறைமுகத்தில் லோஞ்சுப் படகுகள் பழுதுபார்க்கும் சிறிய வேர்க்ஷொப் ஒன்றில் நான் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், புரட்டாதி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில். ஏழு மணிக்கு வேலை. அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் போய் ஆறு ஐம்பதுக்கே வாசலில் நின்றேன். நாளையும் நேரத்தையும் குறித்துவைப்பது பள்ளிக்கூடக் காலம் முதல் எனக்குள்ள பழக்கம். ஆகவே இங்கே எழுதுபவை ஞாபகத்தை மட்டும் நம்பியவை அல்ல. என் கொப்பிகளைப் பார்த்தும் எழுதியவை.

அன்று மாலை நாலேகாலுக்கு எல்லோரும் வேலை ஆயுதங்களை வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார்கள். மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டுக் கையில் படிந்த கிறீசைத் தேய்த்துக் கழுவும் நேரம் அது. நாலரைக்குச் சங்கு ஊதும். அந்தக் கால் மணி நேரத்துக்குள் ஒவ்வொருவரும் இரண்டு விடயம் சொல்ல வேண்டும். அன்று முடிந்தது ஒன்று. ஏலாமல் போனது ஒன்று.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் போர்மன் சிவலிங்கம். தம்பலகாமத்துக்காரர். அவருடைய தகப்பனார் அங்கே வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் வட்டவிதானையாக இருந்தவர். பொழுதுபட முன்னர் வாய்க்கால் கட்டில் நின்று, எந்த வயல் வரவைக்குத் தண்ணீர் பாய்ந்தது, எதற்குப் பாயவில்லை என்று கமக்காரர் ஒவ்வொருவரிடமும் கேட்பாராம். மகன் அதையே இரும்புக்கும் எண்ணெய்க்கும் மாற்றிக்கொண்டார். சட்டம் ஒன்றே ஒன்றுதான். பகிடி பண்ணலாம், ஏசக் கூடாது. குழாயடியில் சொன்னதை வைத்து ஒருவரில் குற்றம் பிடிக்கவும் கூடாது.

"புதுக் கிளார்க் தம்பி, நீங்களும் சொல்லுங்கோ," என்றார் போர்மன்.

ஆணிகளை அளவுப்படி ஏழு பெட்டிகளில் பிரித்துவைத்தேன் என்றேன். ஸ்டோர் அலுமாரியின் கீழ்த்தட்டுப் பூட்டு திறக்கவில்லை என்றும் சொன்னேன். இதையெல்லாம் நாலு பேர் முன் சொல்வதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை நான் வரும்போது அலுமாரி திறந்திருந்தது; பூட்டு எண்ணெயில் மினுங்கியது. செய்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த, என்ஜின் பூட்டும் பிட்டர் சலீம் நானா. அதை அவர் சொல்லவில்லை. அன்று மாலை எனக்கு "முடிந்தது" அதுதான்.

அந்த வாரமே ஒரு கொப்பி வாங்கி, குழாயடியில் சொல்பவற்றை நாள்வாரியாக எழுதத் தொடங்கினேன். "எங்கட கதையெல்லாம் சரித்திரமாகப் போகுது," என்று பெயின்ரர் தம்பிராசா அண்ணை எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

2. நாலு நாள், நாலு தரம்

மறு ஆண்டு பங்குனி மாதம். வாடைக்காற்று ஓய்ந்து கடல் படிந்திருந்தது. துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலற்றை ஏற்றிப் போகும் லோஞ்ச், திருத்தமும் பெயின்ற்றும் முடிந்து திரும்பவும் ஓட வந்தது. என்ஜினைப் பிரித்துப் பூட்டியவர் சலீம் நானா.

திங்கட்கிழமை காலை லோஞ்ச் புறப்பட்டு இருபத்தைந்து நிமிடத்தில், குடா வாயில் கிட்டும்போது என்ஜின் நின்றுவிட்டது. அரை மணி நேரம் அலைந்தபின் ஒன்றும் திருத்தாமலே ஸ்டார்ட் ஆகித் திரும்பி வந்தது. நானா டீசல் பில்டரை மாற்றினார். ஜெட்டித் துறையில் கட்டியபடி ஓடவிட்டால் மணிக்கூடு மாதிரி ஓடியது. டீசல் சிக்கனத்துக்காகச் சோதனை ஓட்டம் பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது என்பது அப்போதைய உத்தரவு. செவ்வாய் மீண்டும் அதே இடத்தில் நின்றது. குழாய்களைக் கழற்றிப் பூட்டினார். புதனும் நின்றது. பம்பையே பிரித்தார். வியாழன் இன்னொரு படகு போய்க் கட்டியிழுத்து வரவேண்டியதாயிற்று.

சனிக்கிழமை ஒரு கப்பல் வரவிருந்தது. எஞ்சினியர் புதிதாக வந்தவர். கெட்டவர் அல்ல, ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர். வியாழன் பின்னேரம் இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் ரைப் பண்ணச் சொன்னார். சலீமுக்குப் பிட்டர் வேலைக்குரிய தகுதி இல்லை, அவரைக் கூலிப் பகுதிக்கு மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். பதினெட்டு வருட வேலை, பன்னிரண்டு வரியில் முடிந்தது. கையெழுத்தை நாளைக் காலை வைக்கிறேன் என்றார். அந்தக் கடிதத்தை ரைப் பண்ணியது இந்தக் கைதான். அன்று எனக்கு ஒரு எழுத்துக்கூடப் பிழைக்கவில்லை என்று கொப்பியில் எழுதியிருக்கிறேன். அதைப் பெருமையாக எழுதவில்லை.

நானாவுக்கு விடயம் மூன்று மணிக்கே தெரிந்துவிட்டது. சின்ன வேர்க்ஷொப்பில் எதுவும் மறைவாக நிற்காது. அவர் தன் ஸ்பானர்களைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

3. அந்த வியாழன்

நாலேகாலுக்குக் குழாயடியில் புதிதாக ஒருவர் நின்றார். லோஞ்சின் என்ஜினுக்கு எண்ணெய் விட்டுப் பார்க்கும் கிறீசர் மரியதாஸ். லோஞ்ச்காரர் எங்கள் கதைக்கு வருவதில்லை. அவர்களுக்கு நேரகாலம் வேறு. அன்று கட்டியிழுத்து வந்த லோஞ்சோடு அவரும் வந்து அகப்பட்டுவிட்டார். வந்தவரைச் சும்மா விடக் கூடாது என்று போர்மன் அவரிடமும் கேட்டார்.

"முடிஞ்சது ஒண்டுமில்லை. கட்டியிழுத்து வந்தவனிட்டை என்ன கேள்வி," என்றார் மரியதாஸ்.

"அப்ப ஏலாததைச் சொல்லுங்கோ."

"அது சின்ன விசயம். என்ஜின் நிக்கிற நேரமெல்லாம் டீசல் கிடக்கோ எண்டு டாங்கி மூடியைத் திறந்து பாக்கிறனான். இந்தக் கிழமை கையால திறக்க ஏலாது. ஸ்பானராலை ரெண்டு தட்டுத் தட்டினாத்தான் இளகுது. திறந்த உடனை சோடாப் போத்தல் மாதிரி உஸ்ஸெண்டு சத்தம்."

கையைத் தேய்த்துக்கொண்டிருந்த சலீம் நானா நிறுத்தினார். மரத்தூள் கையிலேயே இருந்தது.

"காத்து உள்ளுக்குப் போகுதா, வெளியில வருதா?"

"உள்ளுக்கு. மூடிக்குப் பக்கத்தில வைச்ச என்ர முகம் துடைக்கிற கைலேஞ்சியையும் உறிஞ்சிப் பிடிச்சுது."

"திறந்து மூடின பிறகுதான் என்ஜின் ஸ்டார்ட் வாறது?"

மரியதாஸ் யோசித்தார். "ஓம். மூண்டு தரமும் அப்பிடித்தான். இண்டைக்கு மூடி இளக முன்னமே கட்டியிழுத்துப் போட்டினம்."

நானா கையிலிருந்த மரத்தூளைத் தட்டினார். பிறகு எங்களுக்கு விளக்கினார். டீசல் குறையக் குறைய டாங்கிக்குள் அந்த அளவு காற்று போக வேண்டும். அதற்காக மேல்தளத்தில் வளைந்த ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. வாயில் பித்தளை வலை போட்டது. அது அடைபட்டால் டாங்கி மூச்சு விட ஏலாது. இருபது இருபத்தைந்து நிமிடம் ஓடியபின் டீசல் இறங்க மறுக்கும். மூடியைத் திறந்தால் காற்றுப் போகும்; என்ஜின் பழையபடி ஓடும். "நான் கீழே என்ஜினை மட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான். நோய் மேல இருந்திருக்கு," என்றார்.

"அந்தக் குழாயை ஆர் தொட்டது?" என்று போர்மன் கேட்டார்.

நான் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். முதல்முறை என்ஜின் நின்றது திங்கள். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் என் எழுத்திலேயே இருந்தது. "தம்பிராசா அண்ணை. முடிந்தது: லோஞ்ச் மேல்தளம், மூன்று பூச்சு வெள்ளை. டாங்கிக் குழாய் வாயில் வலைக் கண்ணுக்குள்ளும் தூரிகை விட்டு அடித்தது." அன்று அவர் அதைச் சொன்னபோது, இனி மீன்கள் கண்ணாடி பார்க்க மேலே வரும் என்று சலீம் நானாதான் பகிடி பண்ணினார். தம்பிராசா அண்ணைக்கு அன்று வாயெல்லாம் பல்.

விரல் அந்த வரியில் நின்றது. வாசித்தால் குழாயடிச் சட்டத்தை மீறுகிறேன். வாசிக்காவிட்டால் குழாய் அடைபட்டதும் நானாவின் தலையில் விழுந்து, காலையில் கடிதம் போய்விடும். நிமிர்ந்து பார்த்தேன். எதிரே தம்பிராசா அண்ணை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் இருந்த நிறம் மாறிவிட்டது.

"தம்பி, நீர் வாசிக்க வேண்டாம்," என்றார். "அது நான்தான். வடிவா இருக்கட்டும் எண்டு உள்ளுக்கும் அடிச்சனான்."

யாரும் ஏசவில்லை. சங்கு ஊதியது, ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

4. ஒரு மணி ஐந்து நிமிடம்

எஞ்சினியர் காரில் ஏறப் போகையில் போர்மன் மறித்து விடயத்தைச் சொன்னார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணித்தியாலம் நிக்காமல் ஓடினா நம்புறன். டீசலுக்கு நான் கையெழுத்து வைக்கிறன்," என்றார். பத்து நிமிட உத்தரவு அந்தக் கையெழுத்தோடு ஒருநாளைக்கு ஒதுங்கிக்கொண்டது.

குழாயின் வலையில் குத்தூசியை முதலில் வைத்தவர் தம்பிராசா அண்ணைதான். சலீம் நானா ஊசியை அவர் கையில் கொடுத்தார். காய்ந்த பெயின்ற் பாலாடை மாதிரிப் பிரிந்து வந்தது. ஒரு கண்ணும் மிஞ்சாமல் அடைத்திருந்தார் மனிதர். அவ்வளவு நேர்த்தியான வேலை.

ஐந்து மணி ஐந்துக்குப் புறப்பட்டோம். எஞ்சினியர், போர்மன், நானா, தம்பிராசா அண்ணை, மரியதாஸ், கொப்பியோடு நான். ஸ்டோர் கிளார்க்குக்கு லோஞ்சில் என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபது நிமிடமானதும் எல்லோர் கண்ணும் என்ஜினில். இருபத்தைந்தில் நானா என்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். குடா வாயில் கடந்தது. முப்பது. எஞ்சினியர் திரும்பச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் மூதூர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

"போகட்டும்," என்றார்.

கொட்டியாரக் குடாவில் நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம். மரியதாஸ் டாங்கி மூடியை இரண்டு விரலால் திருகித் திறந்து எல்லோருக்கும் காட்டினார். சத்தமே இல்லை. தம்பிராசா அண்ணை எழும்பி நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நானா, என்ர பெயின்ற்றுக்குள்ளாலை மூச்சு விட்டு ஓடுற லோஞ்ச் எண்டு சொல்லுங்கோ," என்றார். எஞ்சினியரே சிரித்துவிட்டார். ஆறு பத்துக்கு ஜெட்டியைத் தொட்டோம். ஒரு மணி ஐந்து நிமிடம். கரையில் வேர்க்ஷொப் முழுவதும் நின்றது. நானா இறங்கியதும் யாரோ அவருடைய ஸ்பானர் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள், ஊர்வலம் மாதிரி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எஞ்சினியர் கூப்பிட்டார். "அந்தக் கடிதத்தைத் தாரும்."

கொடுத்தேன்.

"கார்பன் பிரதி?"

அதையும் கொடுத்தேன். இரண்டையும் நாலாகக் கிழித்தார். பிறகு வேலை அட்டையை எடுத்துக் காரணம் என்ற இடத்தில் எழுதச் சொன்னார். "டாங்கிக் காற்றுக் குழாய் அடைபட்டிருந்தது. சுத்தம் செய்யப்பட்டது." யார் அடைத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சனிக்கிழமை லோஞ்ச் பைலற்றை ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் விட்டுத் திரும்பியது.

5. இளையவர்களுக்கு

பிற்பாடு நானும் சிலருக்கு மேலே இருந்து வேலை வாங்கியிருக்கிறேன். எல்லா அதிகாரிகளும் தொழிலாளரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன பிழை?" அந்த வெள்ளிக்கிழமை தம்பிராசா அண்ணையிடம் அப்படிக் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றே சொல்லியிருப்பார், அது பொய்யும் அல்ல. தான் செய்தது பிழையென்று அவருக்குத் தெரியாது. அவருக்கு அது அந்த வாரத்தில் செய்த மிக நல்ல வேலை. நல்லதைச் சொல்லும்படி கேட்டதால் மட்டுமே அது கொப்பிக்கு வந்தது. மரியதாஸும் அப்படித்தான். இறுகிய மூடி முறைப்பாடு செய்ய வேண்டிய ஒரு குறை என்று அவர் நினைக்கவில்லை. ஏலாமல் போன சின்ன விசயத்தைக் கேட்டார்கள், சொன்னார்.

ஆகவே இரண்டையும் கேளுங்கள். முடிந்ததை முதலில் கேளுங்கள். அற்பமென்று தோன்றுவதைச் சொல்லவிடுங்கள். சொன்னவரை அந்தச் சொல்லாலேயே அடிக்காதீர்கள். ஒருநாள் ஒருவரை அடித்தால் மறுநாளிலிருந்து குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.